பின்னறைக்குப் போகாத சூடு

டுலூத்
நவம்பர் 9

மார்கிட் அவர்களுக்கு,

வணக்கம். பேசாமல் இருந்தது போதும் என்று இன்று முடிவு செய்தேன்.

உங்கள் தங்கை, என் மனைவி சோல்வேயை அடக்கம் செய்த நாளில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தபோது, என்னைப் பார்த்து நீங்கள் சொன்னீர்கள்: "இருபத்தாறு குளிர்காலம் என் தங்கச்சிய அந்த அறையில நடுங்க விட்டீங்க. இப்பத் தரைக்குள்ள வெச்சிட்டீங்க. அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியப்போறதில்ல." யாரும் உங்களைத் தடுக்கவில்லை. பாதிரியார் உருளைக்கிழங்கை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். இரண்டு வருடம் எட்டு மாதமாக அந்தப் பேச்சுக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குள்ள குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றதை எழுத வராது. அன்று சாயங்காலம் நீங்கள் என் வீட்டுக்குள் வந்து, அவள் நாற்காலியில் கிடந்த உங்கள் அம்மாவின் ஒட்டுத்துணிப் போர்வையை என்னிடம் கேட்காமல் எடுத்துப் போனீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்து, உறைகூடப் பிரிக்கப்படாமல், 'திருப்பி அனுப்பவும்' என்ற உங்கள் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. அவள் இதயம் நின்றதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளின் நகல் அந்த உறைக்குள்தான் இருந்தது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் நிலவறையில் இருக்கும் சூட்டு உலை விரிசல் விட்டுவிட்டது. எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் வந்து வாயுவை அடைத்து, பற்றவைக்கக் கூடாது என்று சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். பனி விழும் முன் வேறு வைத்தாக வேண்டும். ஏசியும் அதே வயசு என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது என்று மூன்று பேரை வரவழைத்தேன்.

முதல் ஆள் வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. பழையதைவிட ஒரு சுற்றுப் பெரிசாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். இரண்டாவது ஆள் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தான். "இங்க யாரு சார் இருக்காங்க?" என்றான். யாரும் இல்லை என்றேன். "அப்ப இதை மூடிடுங்க. தனி ஆளுக்கு எதுக்கு இத்தன அறை? சின்ன மெஷினே போதும்" என்றான். நல்ல யோசனைதான். அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வேலை அவனுக்கு இல்லை.

மூன்றாவதாக வந்தது ஜோலீன். நாற்பத்தைந்து வயதுக்காரி, கட்டைக் குரல். வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்னை ஞாபகம் இருக்கா சார்? பத்தாம் வகுப்பு இயற்பியல்ல என்னை ரெண்டு தடவ பெயிலாக்குனீங்க. வெப்பம் பாடத்துல." எனக்கு ஞாபகம் இல்லை. "பரவால்ல, எனக்கு இருக்கு" என்றாள்.

அவள் ஜன்னல்களை அளந்தாள், சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். உலையில் நெருப்பு இல்லாவிட்டாலும் காற்றாடி ஓடும். அதைப் போட்டுவிட்டு, குளியலறைக் காகிதத்தில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு அறை அறையாகப் போய், தரையில் காற்று வரும் கம்பி வலைக்கு மேல் பிடித்தாள். ஹாலில் காகிதம் படபடத்தது. சமையலறையில், என் படுக்கையறையில், எல்லா இடத்திலும். பின்னறையில் அது அவள் விரலிலிருந்து நேராகத் தொங்கியது. அசையவே இல்லை.

அந்த அறையை உங்களுக்குத் தெரியும். முன்னாள் சொந்தக்காரர் பின்னால் ஒட்டிக் கட்டியது. அதற்குக் கீழே நிலவறை இல்லை, தவழ்ந்து போகும் அளவு சந்துதான். அங்கிருந்துதான் ஏரி தெரியும் என்பதற்காக சோல்வே அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களின் பெயரைக் காலண்டர் கட்டங்களில் எழுதுவாள். குளிருகிறது என்பாள். நான் அவளை ஹாலுக்குக் கூட்டிவந்து, தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வெப்பமானியைக் காட்டுவேன். அறுபத்தெட்டு பாரன்ஹீட், கதகதப்புதான். "நான் ஹால்ல உட்காரலியே" என்பாள். "சூடு ஒண்ணுதான், வீடும் ஒண்ணுதான். இன்னொரு சட்டையப் போடு" என்பேன். கடைசிச் சில வருடங்களில் நான் வேட்டைக்குப் போடும் பழைய கோட்டையும் காது மூடும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். "உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பாங்களே, எங்க வீட்டுக்காரி ஏரிக்குப் போகாமலே வீட்டுக்குள்ள பிடிக்கிறா" என்று விருந்தாளிகளிடம் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நீங்கள் சிரித்ததில்லை. அதையும் உங்கள் மேல் ஒரு குறையாகத்தான் வைத்திருந்தேன்.

ஜோலீன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரைக்கடியில் போனாள். கால் மணி நேரம் கழித்து முழங்கையெல்லாம் மண்ணாக வெளியே வந்தாள். "சார், உங்க சூடு எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். கீழ இருக்கிற எலிங்க எல்லாம் ராஜ வாழ்க்கை வாழ்ந்திருக்கு" என்றாள். பின்னறைக்குப் போகும் குழாய் மூட்டிலிருந்து கழன்று மண்ணில் கிடக்கிறதாம். கையில் காய்ந்த பாம்புச் சட்டை மாதிரி ஒன்று வைத்திருந்தாள். வெள்ளி நிறத் துணி டேப். "இதை எவன் சுத்துனான்? இந்த டேப்ப உலகத்துல எதுக்கு வேணா ஒட்டலாம், சூட்டுக் குழாய்க்கு மட்டும் ஒட்டக் கூடாது. பசை காய்ஞ்சு உதுந்துரும். மிஞ்சிப்போனா மூணு வருஷம்."

முன்னாள் சொந்தக்காரராக இருக்கும் என்றேன்.

மார்கிட், அது பொய். இந்த வீட்டை வாங்கிய முதல் இலையுதிர் காலத்தில், அந்த மூட்டு லேசாக ஆடுகிறது என்று தெரிந்ததும், ஆளைக் கூப்பிடலாம் என்றாள் சோல்வே. இயற்பியல் படித்தவனுக்கு ஒரு குழாயைச் சுற்றத் தெரியாதா என்று கேட்டுவிட்டு நானே கீழே தவழ்ந்து போனேன். அவள் மேலே இருந்து, "முடிஞ்சுதா வாத்தியாரே, இல்ல ராத்திரி சாப்பாட்டைக் கீழயே அனுப்பட்டுமா?" என்று தரையைத் தட்டினாள்.

ஜோலீன் போனபின் உட்கார்ந்து யோசித்தேன். முதல் மூன்று குளிர்காலம் அவள் அந்த அறையில் குளிருகிறது என்று சொன்னதே இல்லை. கால்களை அந்தக் கம்பி வலைமேல் நீட்டிக்கொண்டு பாடுவாள். நாலாவது வருடம்தான் ஆரம்பித்தது. வயதாகிறது, குறை சொல்லும் பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆகவே நீங்கள் சொன்னது சரியல்ல. இருபத்தாறு அல்ல, இருபத்து மூன்று. வாத்தியார் புத்தி, திருத்தாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்காகத் தயாரித்து வைத்த பதிலில் என்னிடம் மிஞ்சியது இந்தத் திருத்தம் ஒன்றுதான்.

ஹாலிலிருந்து அந்த நாற்காலி பன்னிரண்டு காலடி தூரம். நேற்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு அளந்து பார், ஊகிக்காதே என்று சொல்லிக் கொடுத்தவன், இருபத்து மூன்று குளிர்காலத்தில் ஒரு தடவைகூட அந்த வெப்பமானியைக் கழற்றி அங்கே கொண்டுபோகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னது சரி என்று அது காட்டியிருந்தால், நான் சொன்ன மற்றதும் என்ன ஆகியிருக்கும்?

டாக்டர் எழுதியது உண்மைதான். குளிர் அவளைக் கொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது அவள் குளிரில் இருந்தாள், அவ்வளவுதான்.

பெரிய உலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹீட் பம்ப் வைத்திருக்கிறோம். வெளியே ஒரு பெட்டி, குளிர்காலத்தில் சூட்டை உள்ளே இழுக்கும், கோடையில் வெளியே தள்ளும். கடுங்குளிருக்குத் துணையாகச் சின்ன உலை ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் சூடேற்றும் என்றாள் ஜோலீன். குழாயைத் திருகாணி போட்டு, மேலே சூடு தாங்கும் பசை பூசி மூட்டினாள். பின்னறையை மூடுவதா, தனி தெர்மோஸ்டாட் வைப்பதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாகவே வைக்கச் சொன்னேன். "யாராவது வராங்களா சார்?" என்றாள். அப்போதுதான் அவளிடம் டேப்பைச் சுற்றியது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பவே தெரியும் சார். கரும்பலகைல கோடு போடுற மாதிரியே சுத்தியிருந்தீங்க" என்றாள்.

இந்த வருடத்தின் முதல் பனி நேற்று விழுந்தது. எழுபது வைத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பி வலைமேல் காகிதத்தைப் பிடித்தேன்; பறந்தது. கால் மணி நேரம்தான். கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. மார்கிட், அந்த அறையில் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது போர்வையைத் திருப்பிக் கேட்பதாகத்தான் இருந்தேன். வேண்டாம். அவளை அத்தனை வருடம் சூடாக வைத்திருந்தது உங்கள் அம்மாவின் கை. உங்களிடமே இருக்கட்டும். ஆனால் ஜனவரி நடுவரை கப்பல்கள் வரும். அவள் காலண்டர் பாதியில் நிற்கிறது. கப்பல்களின் பெயரை அவ்வளவு தூரத்திலிருந்து படிக்க என் கண்ணுக்கு முடியவில்லை. நீங்கள் வருவதென்றால் சொல்ல வேண்டியதில்லை, சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. நான் வெளியே போயிருக்கச் சொன்னாலும் போயிருக்கிறேன். அந்த அறை எழுபதில் இருக்கும்.

நீங்கள் இருக்கும் பார்கோ ஊரில் இங்கிருப்பதைவிடக் காற்று அதிகம் என்பார்கள். உங்கள் வீட்டில் எல்லா அறையும் கதகதப்பாக இருக்கட்டும். யாரையாவது வரவழைத்துக் கீழே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உறைமேல் அனுப்புநர் பெயர் எழுதப்போவதில்லை. என் கையெழுத்து தெரியாதிருக்க, உங்கள் முகவரியை நூலகத்தில் அச்சடித்துக்கொண்டேன். அனுப்புநர் முகவரி இல்லாத உறையைத் தபால்காரர் என்னிடம் திருப்பிக் கொண்டுவர முடியாது. இங்கே கீழே 'உங்கள் தங்கையின் கணவன்' என்று எழுதி, கோடு போட்டு அடித்திருக்கிறேன், பார்த்தால் தெரியும். அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று அரை மணி நேரமாக யோசிக்கிறேன். தபால் நிலையத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கையெழுத்து இல்லாமலே போட்டுவிடுகிறேன்.