பொருள்: பால்கனிச் செடிகள்

அயனம்பாக்கம்
ஆனி மாதம், ஞாயிறு

அன்புள்ள சாவித்திரிக்கு,

பல நாள் யோசனைக்குப் பிறகு, சாதக பாதகங்களை எல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, கறிவேப்பிலைத் தொட்டியைப் பால்கனியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றுவதென்று நேற்று முடிவெடுத்தேன். முடிவு உடனடியாக அமலுக்கு வந்தது. நம் பால்கனியில் நடுவில் நின்று கை நீட்டினால் இரண்டு ஓரத்தையும் தொடலாம் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இடமாற்றம் இடமாற்றம்தான். ஆபீசில் இதற்கே ஆளுக்கு மாலை போடுவார்கள்.

போனில் பேச வேண்டாம், நான் “சரி, வேற?” என்று கேட்பதைக் காதால் கேட்க முடியவில்லை, செடிகளைப் பற்றி ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன்படி எழுதுகிறேன். எழுத்தில் “வேற?” என்று கேட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். ஆகவே கேட்கவில்லை.

செடிகளின் நிலவரம். கறிவேப்பிலையின் இலை நுனிகள் பழுப்பாகிவிட்டன. இஸ்திரிப் பெட்டியை அதிகச் சூட்டில் வைத்து எடுத்தது போல, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகுகிறது. செம்பருத்தி மொட்டு விடுகிறது, மலர்வதற்குள் மொட்டை உதிர்த்துவிடுகிறது. தண்டில் மாவுப்பூச்சி, வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. மல்லி, கேட்டால் பதில் சொல்லாத நிலையில் இருக்கிறது. எல்லாத் தொட்டியிலும் மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. விரலால் சுரண்டினால் பொருக்காக வருகிறது.

தண்ணீரில் குறை வைக்கவில்லை. சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் சுத்தம் செய்து தள்ளுகிற கழிவுத் தண்ணீரைக் கிஷோர் ஜன்னல் கம்பி வழியாகக் குழாய் விட்டு நீல டிரம்மில் பிடிக்க வைத்தானே, அதைத்தான் காலையும் மாலையும் ஊற்றுகிறேன். நம் பிள்ளையின் தயவில் இந்தக் குடும்பம் உலகுக்கு அளித்த ஒரே கண்டுபிடிப்பு அது. டிரம்மின் மேல் அவன் மார்க்கரில் எழுதிய “செடிக்கு மட்டும்” இன்னும் அழியவில்லை. ஒரு சொட்டு வீணாகவில்லை.

இன்னொன்று. குளியலறைத் தரையில் வருஷக்கணக்காகப் படிந்துவந்த அந்த வெள்ளைக் கறை, நீ போன பிறகு படிவதில்லை. துணி சோப்பை மாற்று என்று நான் சொன்னபோது நீ கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காக.

கிஷோரின் வருஷத் திதி முடிந்த அன்று சாயங்காலம் நீ பையை எடுத்தபோது, நான் சாவி எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டேன். சாவி ஆணியில்தான் தொங்குகிறது. நீ எடுத்துக்கொள்ளவில்லை.

உன் தங்கை கோமளாவுக்கும் வீட்டாருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி


அயனம்பாக்கம்
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள சாவித்திரிக்கு,

உன் கார்டு வந்தது. திருநின்றவூரிலிருந்து அயனம்பாக்கத்துக்கு அது எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை, நல்ல சுற்றுப் பயணம் முடித்த களைப்பு அதன் முகத்தில் இருந்தது. நான் தினமும் காலையில் ஆவடியில் இறங்கிய பிறகு, அதே ரயில் உன் ஊருக்குப் போய்த் திரும்புகிறது. அதன் கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே சேர்ந்திருக்கும்.

நீ எழுதியபடி செய்தேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றவில்லை. தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டை எடுத்துவிட்டேன், வேர் தண்ணீரில் நிற்கக் கூடாது என்றாய். மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்தேன். இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன், அங்கேதான் பெரும்பான்மையினர் வசித்தார்கள். பூச்சி போய்விட்டது. கருகல் போகவில்லை. நோயில் கிடக்கிற செடிக்கு உரம் போடாதீர்கள் என்று நீ கடைசி வரியில் எழுதியிருந்தாய். அந்த வரி வந்து சேர்வதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

நடந்தது இதுதான். நம் அசோசியேஷன் செக்ரட்டரி எத்திராஜ் செடிகளைப் பார்க்க வந்தார். பார்த்தவர், “இன்னா சார், கறிவேப்பில கேட்டா அப்பளம் வளர்த்துகினு கீறே?” என்றார். தொட்டியை இடம் மாற்றிய விஷயத்தைத் தெரிவித்தேன். “அது இன்னா கவர்மென்ட் ஸ்டாஃபா சார், டிரான்ஸ்ஃபர் குடுத்தா சரியாப் பூடறதுக்கு?” என்று கேட்டுவிட்டு, போட்டோ எடுத்து குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். லிஃப்ட் ரிப்பேருக்குப் பதில் சொல்லாத குழு, கறிவேப்பிலைக்காகக் கொதித்து எழுந்தது. புளித்த மோர் என்றார் ஒருவர். பெருங்காயத்தைக் கரைத்து ஊற்று என்றார் இன்னொருவர். முட்டை ஓடு, டீத்தூள், மண்ணில் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சைதான் என்று சொல்லி மஞ்சள்தூள். யாருடைய மனமும் நோகக் கூடாதென்று அத்தனையையும் செய்தேன். இப்போது ஒரு குழம்புக்கு வேண்டிய எல்லாம் அந்தத் தொட்டியில் இருக்கின்றன. கறிவேப்பிலைதான் இல்லை.

மல்லி போய்விட்டது. வேரோடு பிடுங்கிப் பார்த்தேன், வேர் நூல் மாதிரி உதிர்ந்தது. ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் கிஷோரின் பைக் மேல் லாரி ஏறிய பிறகு நான் ஆபீசுக்குப் போன முதல் நாள், என் மேஜைக்கு யாரும் வரவில்லை. ஃபைல் மட்டும் வந்தது. அது எனக்கு வசதியாகவே இருந்தது. மல்லிக்கும் அப்படியே இருக்கட்டும்.

கோமளா எனக்குப் போன் செய்தாள். அவள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருப்பதாகவும், ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆவணி பிறந்ததும் நீ அதில் தனியாகக் குடிபோகப் போகிறாய் என்றும் சொன்னாள். சரி என்றேன். வேற என்று கேட்டேன். அவள் வைத்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது என்று வைத்த பெரியவர்கள் மேல் எனக்கு இதுவரை பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி


அயனம்பாக்கம்
ஆடி மாதம், புதன்

அன்புள்ள சாவித்திரிக்கு,

இந்த முறை உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை டிரம்மிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஃபக்ருன்னிசா, தன் பால்கனியில் பிரியாணி ஆர்டருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள், என்னையே பார்த்தாள். “அண்ணே, அந்தத் தண்ணியவா செடிக்கு ஊத்துறீங்க?” என்று கேட்டாள். டிரம்மின் மேல் எழுதியிருப்பதை நான் காட்டினேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இன்னாண்ணே, ஒங்களுக்குத் தெரியவே தெரியாதா? நல்ல தண்ணிய நம்மளுக்குக் குடுத்துட்டு உப்பையெல்லாம் அதுலதானே தள்ளுது மிஷினு. செடிக்கு ஆவாதுண்ணே, வேரு வெந்துடும். அக்கா தெனமும் காலைல நீங்க ஆபீசுக்குக் கெளம்புனதும் டிரம்மு தண்ணிய பாத்ரூம்ல கொட்டிட்டு, எங்கூட்ல அரிசி கழுவுன தண்ணிய வாங்கிகினு போயி ஊத்தும். தம்பிக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், ஆசையா செஞ்சுகீறான், யாரான்டயும் சொல்லாத ஃபக்ருன்னு சொல்லும்.”

தம்பி போன பிறகுமா என்று கேட்டேன்.

“அப்பறமுந்தாண்ணே. இப்பதான் தம்பி இல்லியே, பைப்பக் கழட்டிடலாமேக்கான்னு நானே ஒரு தபா கேட்டேன். அக்கா வாளிய எட்துகினு உள்ள போயிட்ச்சு.”

அவள் அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாளியுடன் நின்றிருந்தேன். மண்ணில் பூத்திருந்தது பூஞ்சை இல்லை என்றும், உப்பு என்றும், அதற்கு மஞ்சள்தூள் போட்டது நான் என்றும் புரிந்தது. அன்று ஆவடியில் இறங்கவில்லை. வேண்டுமென்றே இல்லை, இறங்கவில்லை, அவ்வளவுதான். இந்துக் கல்லூரி, பட்டாபிராம் எல்லாம் போயின. நெமிலிச்சேரியில் இறங்கினேன். அடுத்த ஸ்டேஷன் நீ. பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்த் திசையில் வந்த ரயிலில் ஏறித் திரும்பினேன். ஆபீசில் அரை நாள் லீவு போட்டுக்கொண்டார்கள்.

நீ கார்டில் விரலைப் பற்றி எழுதினாய், தட்டைப் பற்றி எழுதினாய், டூத் பிரஷைப் பற்றிக்கூட எழுதினாய். டிரம்மைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஏன் என்று கேட்கப் போவதில்லை. எழுதியிருந்தால், கார்டு கிடைத்த அன்றே ஆளைக் கூப்பிட்டுக் குழாயைக் கழற்றி, டிரம்மைப் பழைய பிளாஸ்டிக்காரனிடம் போட்டுவிட்டு, “ஆவன செய்யப்பட்டது” என்று உனக்கு எழுதியிருப்பேன். அது எனக்குத் தெரிகிறது. உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. செடி போனாலும் போகட்டும் என்று விட்டிருக்கிறாய்.

நேற்று மெஷின் சர்வீஸ் பையன் வந்தான். ஃபில்டர் மாற்றிவிட்டு, “சார், இந்த டியூபு லூசாகீது. கட் பண்ணி சிங்க்குல உட்டுடவா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இறுக்கிக் கட்டிவிட்டுப் போகச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். செடிக்கு என்றேன்.

வைத்தியம் ஃபக்ருன்னிசா சொன்னபடி நடக்கிறது. மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டேன். மோர், பெருங்காயம், மஞ்சள் வகையறாக்களும் அதோடு போயின. கீழே லாரித் தண்ணீர் வந்தபோது பிடித்துவந்து, தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஓடி வெளியேறும்படி ஒவ்வொன்றிலும் நிறைய ஊற்றினேன், உப்பு அப்படித்தான் கரைந்து இறங்குமாம். முதலில் வெளியே வந்தது பழுப்பாக இருந்தது, பிறகு தெளிந்தது. கருகிய கிளைகளைப் பச்சை தெரிகிற இடம் வரைக்கும் வெட்டினேன். கறிவேப்பிலை இப்போது ஒரு குச்சி. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருக்கிறது. செம்பருத்தி தேறும் என்கிறாள். மல்லிக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

காலையில் அரிசி களைந்த தண்ணீரை ஃபக்ருன்னிசா சுவர் மேலாகவே கொடுக்கிறாள். எந்தச் செடிக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா கையால் ஊற்றும், கணக்கு அதுக்குத்தான் தெரியும் என்கிறாள். நீ எழுதினாலும் எனக்கு எழுத்தில் புரியும் என்று தோன்றவில்லை. செம்பருத்திக்கு வாளியை எவ்வளவு சாய்க்க வேண்டும், கறிவேப்பிலைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கார்டில் அடங்குகிற விஷயமாக இல்லை. பக்கத்தில் நின்று யாராவது காட்டினால் புரிந்துகொள்வேன்.

ஆவணி பிறப்பதற்கு முன்னால் காட்டினால் நல்லது. பிறகு என்றாலும் சரி. வேறு சொல்வதற்கும் இருக்கிறது, அது எழுத வரவில்லை.

சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஃபக்ருன்னிசாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், நான் ஆபீசில் இருக்கும்போது யாராவது வந்தால் திறந்துகொள்வதற்கு. சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். பகவான் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி

பி.கு.: டிரம்மைக் காலையில் நான் கிளம்புவதற்கு முன்னால் காலி செய்துவிடுகிறேன். குளியலறைத் தரையில் அந்த வெள்ளைக் கறை மறுபடியும் வந்திருக்கிறது.