வெள்ளிச்சிறகனின் தோளில் நாலு சொட்டு எண்ணெய்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனில் நீ சாப்டீங்களா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அப்பா இருக்காரா என்பாய், அதற்குள் அவரே கையை நீட்டிவிடுவார். நான் இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் நம் பேச்சு அதைத் தாண்டியதில்லை, இன்றைக்குச் சொல்ல வேண்டியதோ அதில் அடங்காது, அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லவும் முடியாது. இங்கே இருவரும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாடிப்படியில் என்ன வேலை என்று கேட்டேன், லிஃப்ட் நின்னுபோனாத்தானே என்னைக் கூப்பிடுறாங்க, அப்புறம் எதுல ஏறிப் போறது என்றார். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன், ஏனென்றால் படித்து முடித்ததும் உனக்குக் கொஞ்சம் தலைவலி வரும்.

விஷயம் இதுதான், உன் வெள்ளிச்சிறகனின் சோதனைப் படிவத்தில் நான் எழுதியது தப்பு, அந்தப் படிவம் உங்கள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. நீ முதன்முதலாகத் தனியாக வடிவமைத்த, வண்டியும் முகமூடியும் கொண்ட பறக்கும் வீரன் பொம்மை, அடுத்த மாதம் தேர்வுக் குழு பார்க்கும், தேறினால் கடைக்குப் போகும், உன் வேலையும் நிரந்தரமாகும் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் வேலை பார்க்கும் பகல்நேரக் காப்பகத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து என்னைப் பார்க்கச் சொல்லி அவர் பெயருக்கு நீ அனுப்பிய பார்சலை, நான் வேலையிலிருந்து வருவதற்குள் அவரே பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டார். கூடவே வந்த வழிகாட்டிப் புத்தகத்தை நீட்டினேன். முப்பது வருஷமா லிஃப்ட்டைக் கழட்டி மாட்டுறேன், முப்பத்தெட்டுத் துண்டுக்குப் புஸ்தகம் பாக்கணுமா என்றார். முதல் தடவை சிறகு இரண்டும் இடுப்பில் முளைத்தன. அடுத்த தடவை முகம் முதுகுப் பக்கம் திரும்பிக்கொண்டது, பின்னால வர்ற எதிரியையும் பாக்கணும்ல என்று சமாளித்தார். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தது, புத்தகமும் இடம் மாறி இருந்தது.

மறுநாள் துண்டுகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக் காப்பகத்துக்கு எடுத்துப் போனேன். ஜன்னலோரப் பாயில் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள், அதில் ஐந்து வயதுக்காரி ஒருத்தி, அவளை நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம், தான் ஒரு துண்டையும் தொடாமல் மற்றவர்களை வேலை வாங்கியே கட்டி முடித்தாள். கால் நின்றது, வண்டி ஓடியது, ஆனால் பறப்பதற்காகத் தூக்கிய கை இரண்டும் தொப்பென்று விழுந்தன. எத்தனை தடவை தூக்கினாலும் அப்படித்தான். மேஸ்திரி என்னைப் பார்த்து, மிஸ், இவருக்குக் கை வலிக்குது, இன்னைக்கு லீவு போடட்டும் என்றாள். உடனே கைக்குட்டையால் கட்டுப் போட்டு, வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியை யார் ஓட்டுவது என்று ஒரு சண்டை. தூங்கும் நேரம் வந்தும் யாரும் படுக்கவில்லை.

ஆனால் பிள்ளைகள் இப்படி விளையாடியதைச் சொல்லப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லையே. இணைப்புகள் பிடித்து நிற்கின்றனவா என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. உன் பொம்மை என்பதால் பேனா கொஞ்சம் தயங்கியது. தெரிந்தவர்களுக்காக ஆமாம் என்று எழுதினால் நாளைக்கு உன்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்து, கை இரண்டும் நிற்கவில்லை, தேர்ச்சி இல்லை என்று எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

சனிக்கிழமை பொம்மையைத் துடைக்கும்போது தோளில் ஒரு மெஷின் எண்ணெய் வாசனை. அப்பா வேலைக்குப் போடும் நீலச் சட்டையைத் துவைக்கிறவளுக்கு அந்த வாசனை தெரியாதா. போய்க் கேட்டேன், பேப்பரை முகத்துக்கு இன்னும் மேலே தூக்கிக்கொண்டு, நாலே நாலு சொட்டுதான், அசைவு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, இறுக்கமா இருந்தா மோட்டார் சூடாயிடும் என்றார். அவனுக்கு ஏதுங்க மோட்டார் என்றேன். அந்த இறுக்கத்தில்தான் கையே நிற்கும் என்று அந்த மனிதருக்கு எப்படிப் புரிய வைப்பது. பிள்ளைகள் யாரும் அதை வாயில் வைக்கவில்லை, எல்லோரும் கை கழுவித்தான் சாப்பிட்டார்கள், இருந்தாலும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து ஃபிரிட்ஜ் மேல் நிறுத்தினேன், நாலு நாளாகத் தூக்கிய கையை இறக்கவில்லை, பதில் தெரிந்த பிள்ளை மாதிரி நிற்கிறான். பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதே என்று அப்பா இரண்டு தடவை கேட்டுக்கொண்டார், அதனால் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, கொஞ்ச நாள் கழித்துக் கிண்டல் செய்துகொள்.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், அதைக் குழுவிடம் கொடு. முகமூடி ரொம்பச் சின்னது, இரண்டு தடவை அலமாரிக்கு அடியில் போய்விட்டது, வாய்க்குள் போனால் என்ன ஆகும், அதைத் தலையோடு சேர்த்தே செய்ய வேண்டும் என்று படிவத்தில் எழுதியிருந்தேனே, அதை மட்டும் மாற்றமாட்டேன், நீ முறைத்தாலும் சரி.

கண்ணாடி போடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. உன்னைவிட ஒன்பது வயது மூத்தவளுக்கு ஆசீர்வாதம் செய்ய எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவையும் செய்கிறேன், நீ நினைத்தது நடக்கட்டும், உன் பொம்மை நிறைய வீடுகளில் கை கால் உடையாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
சித்தி

கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதைக் கேட்கத் தைரியம் வந்தது. தாளை மட்டும் வைத்துக் குழு ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகள் புதிதாக ஒன்றைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். இன்னொரு பொம்மை அனுப்புவதாக இருந்தால் பார்சலை என் பெயருக்கு அனுப்பு. அப்பா எண்ணெய் டப்பாவோடு முந்திக்கொள்வார் என்பது ஒரு காரணம், இன்னொன்றை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, தபால்காரர் கொடுத்துவிடுவார்.