இருக்கலாம் என்கிற பதில்

திருப்பதி, செவ்வாய் இரவு

இன்று முழுக்க அந்தத் தொலைதூரக் கிரகத்தோடுதான் மல்லுக்கட்டினேன். அது தன் நட்சத்திரத்தைக் கடக்கும்போது, அதன் காற்றைத் துளைத்து வரும் ஒளியில் நீராவியின் தடம் தெரிகிறது என்று போன மாதம் துள்ளிக் குதித்தவள் நான். இன்று நட்சத்திரத்தின் கரும்புள்ளிகளையும் கணக்கில் சேர்த்தேன். தண்ணீரே இல்லாமலும் அதே ஒளி வளைகோடு பொருந்தித் தொலைக்கிறது. தொடக்க ஊகத்தைக் கொஞ்சம் மாற்றினால் நிகழ்தகவு அந்தப் பக்கம் சாய்கிறது, இன்னும் கொஞ்சம் மாற்றினால் இந்தப் பக்கம். தரவு பேசுகிறதா, நான் பேசுகிறேனா?

சாயங்காலம் நகரியிலிருந்து அப்பா போன் செய்தார். நாளைக் காலையில் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட போர் வண்டி வருகிறதாம்.

"அவ்ளோ தூரத்துல தண்ணி கீதுன்னு கண்டுபுட்சிட்ட. நம்ம கொல்லி நெலத்துல எங்க கீதுன்னு சொல்லும்மா."

அது வேறு, இது வேறு என்றேன்.

"சரி, அங்கயாவது நிச்சயமா கீதா?"

"இருக்கலாம் நைனா."

"இன்னாமா இது! தேங்கா வெச்சி தண்ணி பாக்கறவரு, உள்ளங்கையில தேங்கா எழுந்து நின்ன ஒடனே இங்கதான்னு அடிச்சி சொல்றாரு. நீ இத்தினி வருசமா படிச்சிக்கினு இருக்கலாம்ன்ற."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு அடிச்சி சொன்ன எடத்துலல்லாம் தண்ணிக்குப் பதிலா வெறும் மண்ணுப் பொகதானே வந்துச்சி?" என்று கத்திவிட்டேன்.

"ஆமா. அதான் உன்ன கேக்கறேன்" என்றார் நைனா.

போனை வைத்துவிட்டேன். வண்டியை எங்கே நிறுத்தப்போகிறார் என்றுகூடக் கேட்கவில்லை.