மலர் கேட்ட நீலம்

1982 பங்குனி 14, ஞாயிறு. நெளுக்குளம்.

இந்தப் பழைய ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து என் மனைவி மலர் அதன் பக்கம் வந்ததில்லை. கறள் தின்ற தகட்டை வெட்டி எடுத்ததும், புதுத் தகடு வைத்து ஒட்டியதும், பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசி உரசியதும் நான் தனியாகத்தான். கூப்பிட்டால், "குசினியில சமையல் வேலை கிடக்கு" என்பாள்.

இன்று பெயின்ற் அடிக்கிற ரவி வந்தான். அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன நிறம் விருப்பம்?" என்று கேட்டான்.

அவள் யோசிக்கவே இல்லை. "நீலம். மழை விட்டாப் பிறகு வானம் இருக்குமெல்லே, அந்த நீலம்."

அவன் பெயின்றைக் கலந்து, சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் ஒரு கோடு இழுத்தான். "இன்னும் கொஞ்சம் வெள்ளை விடுங்கோ" என்றாள். திரும்பவும் கலந்தான். இருவரும் சிரித்தார்கள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

"ஜீப்புக்கு நீலம் எடுபடாது. பச்சையை அடி" என்றேன். மலர் வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிடும்போது கேட்டேன்: "உமக்கு நீலம் விருப்பமெண்டு எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாளைக் காலை ரவி பச்சைப் பெயின்றோடு வருவான். நீலத்தையே அடி என்று நான்தான் சொல்லவேண்டும். சொன்னதும் அவன் அவள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களே அக்கா" என்று சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியுமோ தெரியவில்லை.