சபையில் வாசிக்க வேண்டாம்

சுபுட் பள்ளத்தாக்கு, படகோனியா
ஜூன் 4, 1900

அன்புள்ள இட்வால் அண்ணாவுக்கு,

நீங்களும் காட்ரின் அண்ணியும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடல் தாண்டி வரும் கடிதங்களைப் போதகரிடம் கொடுத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் வாசிக்கச் செய்வது நம் ஊர் வழக்கம். இதைக் கொடுக்காதீர்கள். இது உங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும்.

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. செப்டம்பரில் ஆடுகளை விற்றுவிட்டு, பண்ணையை நிலப்பிரபுவின் காரியக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, இங்கே ஆற்றுவளைவில் காலியாகக் கிடக்கும் நிலத்தை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். குடியேற்றக் குழுவின் மைரிக் ஐயா உங்களுக்கு அதைப்பற்றி எழுதினாராம். அது ஏன் காலியாயிற்று என்று அவர் எழுதவில்லை.

அது நம் பக்கத்துப் பண்ணை எம்ரிஸ் அண்ணனுடைய நிலம்.

போன வருடக் கடிதத்தில், ஆறு கொஞ்சம் பெருகியது என்று ஒரு பத்தியிலும், எம்ரிஸ் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று வேறொரு பத்தியிலும் எழுதியிருந்தேன். நீங்கள் காய்ச்சல் என்று நினைத்து அவர் மனைவி லெய்சா அக்காவுக்கு ஆறுதல் எழுதினீர்கள். இரண்டும் ஒரே செய்தி, அண்ணா. கடிதம் மேடையில் வாசிக்கப்படும் என்று தெரிந்ததால், மேடைக்கு ஏற்றபடி எழுதினேன். மூன்று வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறேன்.

இங்கே ஆறு, வயலைவிட உயரத்தில் ஓடுகிறது. அதனால்தான் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக இறங்குகிறது. வெள்ளம் வந்தாலும் தானாக இறங்குகிறது. போன ஜூலையில் எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம். எம்ரிஸ் அண்ணன் மட்டும் மடையை அடைக்கத் திரும்பிப் போனார். கரை உடைந்தது. ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தபோது, அவருடைய சொந்த நிலத்தின் கம்பிவேலியிலேயே கிடந்தார்.

அவரும் லெய்சா அக்காவும் இங்கே வந்ததற்குக் காரணம் நான். நான் இங்கே ஆசிரியையாக வந்த முதல் வருடம் மைரிக் ஐயா பள்ளிக்கூடத்துக்கு வந்து, “ஊருக்கு நாலு வரி எழுதும்மா. நாங்க எழுதினா நிலம் விக்கிறவன் பேச்சுன்னு சிரிப்பாங்க. பட்டம் வாங்கின பொண்ணு எழுதினா நம்புவாங்க” என்றார். கல்லூரியில் மூன்று வருடம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தவள் நான். உன் சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் உட்கார்ந்து அழகாக எழுதினேன். நிலப்பிரபு இல்லை, தசமபாகம் கேட்டு வருகிறவர் இல்லை, நம் மொழியைப் பேசியதற்காகப் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதில்லை, கோதுமை மார்பளவு நிற்கிறது என்றேன். ஒன்றும் பொய்யில்லை. பக்கத்து வயல்களில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதையும், ஆற்றின் உயரத்தையும் மட்டும் விட்டுவிட்டேன்.

அதைச் சபையில் வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் எம்ரிஸ் அண்ணன் வீட்டுக்கு வந்து, “படிச்ச பிள்ளை சொல்லிட்டா, இனி இந்தக் கல்லுல என்ன வேலை?” என்று உங்களிடம் கேட்டாராம். நீங்களே எனக்கு எழுதியிருந்தீர்கள். அன்று அதைப் படித்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

லெய்சா அக்கா வெள்ளத்துக்குப் பிறகு என்னோடு பள்ளிக்கூட அறையில்தான் இருக்கிறார். அழுவதில்லை. “சாப்பாட்டுக்கு மூணு தடவ கூப்பிட்டாலும் வரமாட்டாரு அந்த மனுஷன், வாய்க்கால்னா மட்டும் ஓடுவாரு” என்று சிலசமயம் சிரிக்கிறார். எம்ரிஸ் அண்ணனின் வேதாகமத்துக்குள் என் கடிதத்தின் நகல் இருந்தது. ஈரம் காய வைக்கும்போது அக்காவே எடுத்துக் கொடுத்தார். “திரும்பத் திரும்பப் படிச்சேன் எலினெட். இதுல ஒரு பொய்கூட இல்ல. அதான் உன்னத் திட்டக்கூட முடியல” என்றார். திட்டியிருக்கலாம்.

உங்கள் கடிதம் வந்ததும் மைரிக் ஐயாவிடம் போனேன். அந்த நிலத்தையா என் அண்ணனுக்கு விற்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “ஆளு போனா நிலம் என்னம்மா பாவம் பண்ணுச்சு? வண்டல் படிஞ்சு வெண்ணெய் மாதிரி கிடக்கு. உங்க அண்ணன் அந்த மலையில கல்லோடயே மல்லுக்கட்டிச் சாகணுமா?” என்றார். கடைசியாகக் கேட்டது நியாயமான கேள்விதான். அங்கே நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் நீங்கள். நான் படிக்கப் போனதால் நீங்கள் ஏர் பிடித்தீர்கள். உங்களுக்கு ஒரு நல்ல நிலம் கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர் யார்? ஆனால் இந்த நிலம் வேண்டாம். ஆடுகளை விற்காதீர்கள். காரியக்காரரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

மைரிக் ஐயாதான் துறைமுகத்துக்குத் தபால் பை கொண்டுபோகிறவர். அதனால் இதை லெய்சா அக்காவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் ஊருக்குத் திரும்புகிறார். அண்ணி அவரை அடுப்புப் பக்கம் உட்காரவைத்துச் சூடாக ஏதாவது கொடுக்கட்டும். கப்பலில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

நான் வரவில்லை. இங்கே பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு ஏறினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நம் சபையிலிருந்து இன்னும் நான்கு குடும்பங்கள் உங்களோடு புறப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இத்தனை பக்கம் எழுதிய பிறகுதான் அந்த வரி மறுபடி கண்ணில் படுகிறது.

அண்ணா, முதலில் நான் கேட்டுக்கொண்டதை மறந்துவிடுங்கள். இதைப் போதகரிடம் கொடுங்கள். முன்பு வாசித்த அதே மேடையில் வாசிக்கட்டும். ஒரு வரிகூட விடவேண்டாம் என்று சொல்லுங்கள், கடைசியில் என் பெயரையும் சேர்த்து. வாசிக்கும்போது லெய்சா அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் எல்லாரையும் அந்த மலைமேலேயே காப்பாராக.

உங்கள் தங்கை,
எலினெட்