நீ அவளுக்கு வைத்த பெயர்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் உன்னோடு இருக்கும் கன்னியாஸ்திரீ சிஸ்டர்களும் அந்தப் பிள்ளைகளும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கணும் என்று நம் அங்காளம்மனையும் வில்லியனூர் மாதாவையும் சேர்த்தே கும்பிட்டுக்கொள்கிறேன், ரெண்டு பேருக்குள்ளும் சண்டை வராது என்ற தைரியம்தான். வாட்ஸப் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். உன் கடலோரக் கிராமத்தில் சிக்னல் கிடையாது, டவுனுக்கு வரும் அன்றைக்கு மட்டும் மொத்தப் படத்தையும் அனுப்பிவிட்டு ரெண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறாய், அந்த அவசரத்தில் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. உன் பள்ளிக்கூடத்து ஹேமலதா டீச்சர் அடுத்த குழுவோடு மடகாஸ்கர் கிளம்புகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி, அந்தச் சின்னப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது படி.

முதலில் வீட்டு விஷயம். உன் ஸ்கூட்டரை வாரம் ஒரு தடவை நான்தான் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், பேட்டரி இறங்கிவிடுமே. அரியாங்குப்பத்தில் சித்தப்பா சந்திரமோகன் மாடி கட்டி முடித்துவிட்டான், நீ வந்த பிறகுதான் பால் காய்ச்சுவேன் என்று நிற்கிறான். எதிர் வீட்டு சொல்தா கலியபெருமாளுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்த காலத்திலேயே போன முட்டி அது என்று எல்லோரிடமும் கதை விட்டுக்கொண்டிருக்கிறார். தெருவில் சிலர் உங்க பொண்ணு கிறிஸ்துவ வேதத்துல சேர்ந்துட்டாளா என்று கேட்கிறார்கள், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கப் போயிருக்கிறாள், உங்கள் வீட்டிலிருந்தும் ஒருத்தரை அனுப்புங்களேன் என்றேன், அதற்கப்புறம் கேட்பதில்லை. நீ போனதில் எனக்குப் பெருமைதான் பிரியா, அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அங்கே பிள்ளைகளின் பெயரெல்லாம் கூட்ஸ் வண்டி மாதிரி நீளம், வாயில் நுழையவில்லை, ஆளுக்கொரு தமிழ்ப் பெயர் வைத்துவிட்டேன் என்று நீ சொன்னபோது நானும்தான் சிரித்தேன். ஒரு வால் பையனுக்கு என் பெயரையே வைத்தாயே, அதுவும் சந்தோஷம். ஆனால் ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னாய் பார், புயலில் வீடு வாசல் போன பிள்ளையாக இருக்கும், ஊரில் யாருக்கும் அவள் பெயர் தெரியவில்லை, நாங்கள் வந்த மறுநாள் தானாக வந்து நின்றாள், பூர்ணிமா என்று வைத்தேன், ஏனென்று தெரியவில்லை அந்தப் பெயர்தான் வாயில் வந்தது என்று. அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாய்.

பிரியா, உனக்கு ஒரு அக்கா இருந்தாள். அவள் பெயர் பூர்ணிமா. அப்போது நாம் குப்பத்தில் இருந்தோம், கடலைப் பார்த்த வீடு, அம்மா கூடை தூக்கி மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நீ நடை பழகுகிற குழந்தை, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். சுனாமி வந்த காலையில் நான் உப்பளத்தில் வேலையாக இருந்தேன், ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னோடு அம்மா கிடைத்தாள். பூர்ணிமாவின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவள் படங்களையும் தண்ணீரே கொண்டு போய்விட்டது. கடல் கண்ணில் படாத இடம் வேண்டும் என்றுதான் லாஸ்பேட்டைக்கு வந்தோம், அம்மா கூடையைத் தொடவில்லை, உன்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கணும் என்று இல்லை. கடல் எடுத்துக்கொண்டு உடம்பைத் திருப்பித் தராதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் வீட்டில் வழக்கமில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், ஆனால் வீட்டு வாசல் தெரியாமல் கூப்பிட்டவர் பின்னாலேயே நிற்பார்கள் என்று என் அப்பா சொல்லுவார். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டது அதனால்தான். அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாத நீதான் கூப்பிட்டுவிட்டாய்.

இந்தக் காலத்தில் அப்பா என்ன இப்படிப் பேசுகிறார் என்று நினைப்பாய், நானும் முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிசாக்கிப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவள் மட்டும் ஒவ்வொரு படத்திலும் உன் பின்னால் நின்று கடலைப் பார்க்கிறாள். எல்லாப் படத்திலும் அவள் தலை ஈரம். மழையா அங்கே என்று கேட்டதற்கு, நான் வந்ததிலிருந்து ஒரு தூற்றல்கூட இல்லை என்றாய். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, அந்த ஊர்ப் பிள்ளையின் முகம்தான், நிறமும் முடியும் வேறுதான், அதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் பாடுகிற வீடியோ அனுப்பினாயே, அதைப் பிரெஞ்சு தெரியுமே என்று சொல்தாவிடம் காட்டினேன். பாட்டு பிரெஞ்சு இல்ல, அந்த ஊரு பாஷை, ஆனா கடைசில ஒரு பொண்ணு நம்ம குப்பத்துப் பேச்சு பேசுதுய்யா, உம்ம மகள் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கா என்றார். கூடை காலியாயிடுச்சாம்மா என்று கேட்கிறாள் அவள். அடுத்த தடவை போனில் கேட்டபோது நீயும் சிரித்துக்கொண்டே, இதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லைப்பா, எங்கே பிடித்தாளோ என்றாய். மத்தியானம் அம்மா தெருமுனையில் திரும்பியதும் பூர்ணிமா ஓடிப்போய்க் கேட்கிற கேள்வி அது. கூடை காலியென்றால் அன்றைக்கு அவளுக்கு முறுக்கு உண்டு. உன் காதில் அது விழுந்திருக்க வழியே இல்லை, உனக்கு விவரம் தெரிந்த நாளில் நம் வீட்டில் கூடையே கிடையாது.

அம்மா அந்த வீடியோவை ஓயாமல் போட்டுப் பார்க்கிறாள். மத்தியானம் ஆனால் கேட்டைத் திறந்துகொண்டு வெயிலில் போய் நிற்கிறாள், யாரு வர்றான்னு நிக்கிற என்றால் யாருமில்ல, சும்மா என்கிறாள். உன் அறை வாசலில் மணல் கிடக்கிறது பிரியா. தெரு மண் இல்லை, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிர்கிற கடல் மணல். நான் ரெண்டு தடவை பெருக்கினேன், மறுநாள் பார்த்தால் மறுபடி இருக்கிறது. நேற்று விளக்குமாற்றை எடுத்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது நீ இன்னும் ஆறு மாதம் இருக்கப் போகிறேன் என்கிறாய், கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் தூங்குவதில்லை, காலையில் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள், தினமும் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் ஆழமாக என்று ஏதோ விளையாட்டு மாதிரி சொன்னாய். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவள் என் மூத்த மகள், எனக்கு மட்டும் ஆசையில்லையா, கனவில்கூட வராத பிள்ளை. ஆனால் எனக்கு இருப்பது நீ ஒருத்தி, உன்னை நான் கொடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளை மேல் கோபப்படாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. வயிறாரச் சோறு போடு, தலை துவட்டிச் சீவி விடு. அப்புறம் அவளிடம் போறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பு. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்றுதான் உன்னைச் சொல்லப் பழக்கினோம், இவளிடம் மட்டும் வரேன் என்ற சொல் வாய் தவறியும் வரக்கூடாது. அந்தப் பெயரை இனிமேல் சொல்லாதே, பின்னால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே. மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஹேமலதா டீச்சர் வருகிறாரே, அவர் வந்த அன்றே நீ புறப்பட வழி பார்.

கொசு வலைக்குள்ளே படு, மலேரியா மாத்திரையை மறக்காதே, புறப்படும்வரை கடல் தண்ணீரில் கால் வைக்காதே. அம்மனும் மாதாவும் உன்னைக் கண் இமைக்குள் வைத்துக் காக்கட்டும். நல்லபடியாக வீடு வந்து சேர்.

உன் பிரியமுள்ள அப்பா,
தெய்வநாயகம்

பிரியா, அம்மா எழுதுறேன். அப்பா கவர் ஒட்டக் கோந்து வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. அவரு சொன்ன மாதிரி அந்தப் பிள்ளைகிட்ட சொல்லாதம்மா. போறேன்னு கேட்டா அது எங்க போவும். அன்னைக்குத் தண்ணி வந்தப்ப நீ என் இடுப்புல இருந்த, அவ என் கையில இருந்தா, எனக்கு ஒரு கைதான் மிச்சம், அது போதலை. உனக்கு ரெண்டு கையும் சும்மாத்தான இருக்கு. பேரைச் சொல்லியே கூப்புடு. வழி தெரியாது அவளுக்கு, கெட்டியாப் புடிச்சிக் கூட்டிக்கிட்டு வா.