எங்கள் வட்டாரத்தின் பொதுச் சேவைகள்

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையையும் திருத்தமாட்டேன்.

காரணம், தலைமையாசிரியை எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வட்டார அலுவலகத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் நான் ஒரு கட்டுரை படிக்க வேண்டும். தலைப்பு: 'எங்கள் வட்டாரமும் அதன் பொதுச் சேவைகளும்'. "புத்தகத்தைப் பார்த்து எழுதாதே. நீயே போய்ப் பார்த்து எழுது" என்றார். பின் பெஞ்சிலிருந்து, "அகராதிக்குத் தீனி கிடைச்சாச்சு" என்று ஒரு குரல். அகராதி நான்தான்.

ஜூன் 4, புதன்

தீயணைப்பு நிலையம்: வண்டி பளபளவென்று இருக்கிறது. பேட்டரி மட்டும் வட்டாரத் தலைவரின் காரில் இருக்கிறது. "தீப்பிடிச்சா போய்க் கேட்டு வாங்கிப்போம்" என்றார் வீரர். சிரிக்காமல்தான் சொன்னார்.

நூலகம்: தபால் அலுவலகத்துக்குள் ஒரு பீரோ. சாவி தபால்காரரிடம். அவர் சுற்றுக்குப் போயிருந்தார்.

குடிநீர்: அப்பா. மேட்டில் தொட்டி, அடியில் தெருவுக்கு ஒரு வால்வு. காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவதுதான் அவருடைய வேலை. அவரையும் முறைப்படி பேட்டி எடுத்தேன். "தண்ணி வந்தா எவனும் என்னை நினைக்கமாட்டான். அதான் இந்த வேலையோட சுகம்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

பேருந்தைப் பார்ப்பதற்காக அம்மாவோடு நகரத்துக்குப் போனேன். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் நகரத்து ஆஸ்பத்திரியில் மெஷினோடு சேர்த்துப் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

பாதிப் பேருந்தாவது நிரம்பாவிட்டால் எங்கள் ஊர்த் தடத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊரில் 'சவாரி முறை' என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து ஏற வேண்டும். போக வேண்டிய வேலை ஒன்றும் இருக்காது. நகரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பேருந்தில் திரும்பிவிடுவார்கள். இன்று தையல்காரர் மடியில் துணி வைத்து ஓரம் அடித்துக்கொண்டே வந்தார். உரக்கடைக்காரரின் மனைவி ஒரு கூடை அவரையை உரித்து முடித்துவிட்டார். "இன்னும் ரெண்டு மேடு பள்ளம் இருந்தா சமையலையே முடிச்சிருப்பேன்" என்றதும் பேருந்தே சிரித்தது. அம்மாவுக்கு டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கை. அதில் வேறு யாரும் உட்காருவதில்லை.

இதைவிட நல்ல பொதுச் சேவை ஒன்று இருக்க முடியுமா?

ஜூன் 12, வியாழன்

கட்டுரை முடிந்தது. பேருந்துப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மாவிடம் வாசித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமையாசிரியை இரண்டு காற்புள்ளி சேர்த்தார். அவர் வீட்டு முறை திங்கட்கிழமை.

ஜூன் 18, புதன்

படித்தேன். மேடையில் வட்டாரத் தலைவரும், போக்குவரத்துத் துறையிலிருந்து வந்த ஓர் அதிகாரியும் இருந்தார்கள். பேட்டரி இடத்தில் தலைவர் இருமினார். பேருந்து இடத்தில் கூட்டம் கைதட்டியது, விசில்கூட வந்தது. முதல் வரிசையில் தையல்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அதிகாரிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். கட்டுரையைக் கையில் வாங்கி, "வேலையே இல்லாம ஏறுவாங்களாம்மா? நிஜமாவா?" என்று கேட்டார். "ஆமாம் சார், நானே பார்த்தேன்" என்றேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்த இடம் இன்னும் சூடாக இருப்பதுபோல் இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

பேருந்து நிறுத்தப்பட்டது. 'உண்மையான பயணிகள் இல்லாததால்' என்று நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

ஊரில் ஜீப் வைத்திருப்பவர் உரக்கடைக்காரர் மட்டும்தான். அப்பா விடியற்காலையிலேயே போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். அவர் பல் துலக்கியபடியே பேசினார்.

"எத்தனை வருஷம் வெயில்ல உட்கார்ந்து போய்ட்டு வந்தோம் தெரியுமாய்யா? யாருக்காக? உன் பொண்டாட்டிக்காகத்தான். உன் பொண்ணு மைக் பிடிச்சு ஒரே மூச்சில ஊத்தி மூடிட்டா. அவளையே முதுகுல தூக்கிட்டுப் போகச் சொல்லு."

துப்பினார். என் காலுக்கு அருகில்.

கைதட்டினீர்களே. நீங்களும்தானே கைதட்டினீர்கள்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே அம்மாவை உட்காரவைத்து அனுப்பினோம்.

ஜூலை 3, வியாழன்

பள்ளியில் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துப் பேருந்து விளையாட்டு விளையாடினார்கள். என்னை வலுக்கட்டாயமாகக் கடைசியில் சேர்த்துக்கொண்டு, கிணறு வரைக்கும் ஓடி, அங்கே உதறிவிட்டார்கள். முழங்கையில் தோல் போய்விட்டது. "இறங்கும்மா, நீ உண்மையான பயணி இல்ல." தலைமையாசிரியை ஜன்னலில் நின்றிருந்தார். உள்ளே போய்விட்டார்.

ஜூலை 4, வெள்ளி

பால் வண்டிக்காரரும் மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் அம்மாவையும் அவரையும் சேர்த்துப் பேசினார்களாம். நடக்கவே முடியாத அம்மாவையா?

அம்மா இன்று போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கால் வீங்கிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. "பாரேன், மாவு மாதிரி இருக்கு" என்று அம்மா எனக்கு விளையாட்டுக் காட்டினாள். அப்பா எழுந்து வெளியே போனார்.

ஜூலை 7, திங்கள்

மேட்டுத்தெருவுக்கு இன்று தண்ணீர் வரவில்லை. உரக்கடைக்காரர் வீடு இருக்கும் தெரு. அப்பா 'வால்வு பழுது' என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். அவர் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பழுது ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

குடத்தோடு பெண்கள் தொட்டியடியில் நின்றார்கள். அப்பா பீடி பிடித்துக்கொண்டு, "சாமான் நகரத்துலேர்ந்து வரணும். பஸ்ஸு இல்லையே" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் ஜீப் நின்றது. "அண்ணி, ஏறுங்க" என்றார் உரக்கடைக்காரர், எங்கள் சுவரைப் பார்த்து.

மாலையில் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் போனது.

ஜூலை 15, செவ்வாய்

ஜீப் வருகிறது. அம்மாவுக்கு இடம் பின்னால், மூட்டைகளோடு. வழியெல்லாம் யாரும் பேசுவதில்லையாம். திரும்பி வந்ததும், உரக்கடைக்காரர் எங்கள் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, அம்மா உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "ஆஸ்பத்திரிச் சீக்கு" என்றார். எங்கள் குடத்துத் தண்ணீரைத்தான் கேட்டு வாங்கினார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

வட்டாரத் தலைவர் அப்பாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். இன்னொரு தடவை வால்வு 'பழுதானால்' வேலை போய்விடும், வீட்டையும் காலி செய்ய வேண்டும். வீடு அலுவலகத்துடையது. தலைவருக்குப் பக்கத்தில் உரக்கடைக்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

அப்பா சாப்பிடவில்லை.

ஜூலை 23, புதன்

நேற்று அம்மாவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு ஜீப் திரும்பி வந்துவிட்டது. "எனக்கு ஆயிரம் ஜோலி. அவங்க முடிச்சு வர்ற வரைக்கும் நான் காவலா?" என்றார் உரக்கடைக்காரர். அப்பா இங்கிருந்து போக வழியில்லை. அம்மா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்து, இன்று மதியம் ஒரு மணல் லாரியில் வந்து சேர்ந்தாள். தலையெல்லாம் மணல். துவட்டிவிட்டேன்.

"நல்ல காத்துடி, லாரியில" என்றாள்.

அப்பா அவள் செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் ஜீப் வரவில்லை. பத்து மணிவரை அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையிலிருந்து துண்டை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

வால்வைத் திருப்பும் சாவி கதவுக்குப் பின்னால் இருக்கும். என் தோள் உயரத்துக்கு இரும்புக் கம்பி. அப்பா பார்த்தார். "வேண்டாம்மா. வேலை போயிடும்" என்றார். "எனக்கு என்ன வேலை இருக்கு போறதுக்கு?" என்றேன்.

மேட்டுத்தெரு வால்வு இன்னும் திறந்திருந்தது. மூடத் தெரியும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முழு எடையையும் போட்டுத் தொங்கினேன், திரும்பியது. அட்டை எதுவும் எழுதவில்லை. சாவியைக் கொண்டுவந்து என் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மதியத்துக்குள் வாசலில் கூட்டம். உரக்கடைக்காரரின் மனைவி வந்தார், பேருந்தில் அவரைக்காய் உரித்தவர். "சின்னப் பொண்ணு நீ. இதெல்லாம் உனக்கு எதுக்கு? சாவியைக் குடு." "ஜீப்பைக் கொண்டுவாங்க, குடுக்கறேன்." "பாடம் படிக்கிற வாயா இது?" "இதுவும் படிச்சதுதான் அத்தை." கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருக்கும் அவர் தம்பி, கம்பத்தில் ஏறும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். எங்கள் கூரைக்கு வரும் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் அம்மா கூப்பிட்டாள். "திறந்து விடுடி. அந்தத் தெருவுல பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகாத குழந்தை இருக்கு."

எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன்.

"நீ போய்ட்டு வா. அப்புறம் திறக்கறேன்" என்றேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. மேட்டுத்தெருவிலிருந்து அழுகை கேட்கிறது, குழந்தைதானா என்று தெரியவில்லை. சாவி முதுகில் குத்துகிறது. எழுந்து போனால் கால் மணி நேரத்தில் திறந்துவிடலாம். போகப்போவதில்லை.

வாசலில் யாரோ கம்பத்தில் ஏறும் சத்தம். ஊர் முழுக்க வெளிச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.